பாங்காக்கிலிருந்து வெளியூர் போக: எந்த வாசல், எந்த வண்டி

முதல் தடவை பாங்காக்கிலிருந்து சியாங் மாய் கிளம்பியபோது நான் செய்த தப்பு ரொம்பச் சாதாரணமானது. பஸ் டிக்கெட்டில் ‘மோ சிட்’ என்று இருந்தது. ஸ்கைட்ரெயின் (தூண்கள் மேல் ஓடும் நகர ரயில்) வரைபடத்திலும் ‘மோ சிட்’ என்று ஒரு நிலையம் இருந்தது. சரி, இரண்டும் ஒன்றுதானே என்று அங்கே போய் இறங்கினேன். ஒரு பக்கம் பூங்கா, இன்னொரு பக்கம் சாத்துசக் வாரச் சந்தைக்குப் போகிற கூட்டம். பஸ் நிலையத்தை மட்டும் காணோம். அது அங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது என்று மோட்டார் பைக் டாக்சிக்காரர் கையால் காட்டிச் சொன்னார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தபோது, பஸ் கிளம்ப எட்டு நிமிடம் பாக்கி.

அன்றைக்குப் புரிந்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். ரயிலா, பஸ்ஸா, விமானமா என்று எல்லோரும் ஆரம்பத்திலேயே யோசிக்கிறார்கள். பாங்காக்கில் அது இரண்டாவது கேள்வி. வண்டி ஊரின் எந்த மூலையிலிருந்து கிளம்புகிறது, நீங்கள் தங்கியிருக்கும் இடத்திலிருந்து அந்த மூலைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் முதல் கேள்வி. மாலை ஐந்து மணிக்கு சுகும்வித் சாலையில் டாக்சி பிடித்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படி 1: எட்டு வாசல்களையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்

பாங்காக்கை விட்டு வெளியேற மூன்று ரயில் நிலையங்கள், மூன்று பஸ் நிலையங்கள், இரண்டு விமான நிலையங்கள் இருக்கின்றன. மொத்தம் எட்டு.

ரயிலில் முக்கியமானது குருங் தேப் அபிவாட். பழைய ஆட்கள் இன்னும் ‘பாங் சூ’ என்றுதான் சொல்வார்கள். 2023 ஜனவரி 19 முதல் நெடுந்தூர ரயில்கள் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. வடக்கே சியாங் மாய், வடகிழக்கே உபோன், நோங் காய், தெற்கே ஹாட்யாய் எல்லாமே இங்கேதான். மெட்ரோவின் நீலப் பாதையில் ‘பாங் சூ’ நிலையத்தில் இறங்கினால் நேராக உள்ளே போய்விடலாம். பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பி ஹுவா லம்போங் போய் நிற்பவர்களை இன்னும் பார்க்க முடிகிறது.

ஹுவா லம்போங் 1916-ல் திறந்த அழகான கட்டடம். அதை மூடிவிடவில்லை. மூன்றாம் வகுப்புச் சாதாரண ரயில்களும், கிழக்குப் பாதை வண்டிகளும் இன்னும் அங்கிருந்து ஓடுகின்றன. அயுத்தயா போகிறவர்களுக்கு இது வேண்டும். மூன்றாவது, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சின்ன தோன்புரி நிலையம். காஞ்சனபுரி ரயிலுக்காக மட்டும் அதை நினைவில் வையுங்கள்.

பஸ் நிலையங்களில் மோ சிட் வடக்குக்கும் வடகிழக்குக்கும். எக்கமாய் கிழக்குக்கும் தென்கிழக்குக்கும், அதாவது பட்டாயா, பான் பே, திராட் பக்கம். சாய் தாய் மாய் தெற்குக்கும் மேற்குக்கும். எக்கமாய் நிலையம் அதே பெயருள்ள ஸ்கைட்ரெயின் நிலையத்தின் படிக்கட்டை ஒட்டியே இருக்கிறது. மூன்றில் அது ஒன்றுதான் பயணியைச் சோதிக்காது. மோ சிட்டின் கதையைச் சொல்லிவிட்டேன். பெயரே மந்திரம் மாதிரி இருக்கும் சாய் தாய் மாய் (அர்த்தம் ‘புதிய தென்தடம்’, அவ்வளவுதான்) நகரத்தின் மேற்கு ஓரத்தில், தாலிங் சான் பகுதியில் இருக்கிறது. பக்கத்தில் மெட்ரோ கிடையாது. டாக்சிதான் கதி.

விமான நிலையங்கள் சுவர்ணபூமியும் டான் முவாங்கும். டிக்கெட்டில் சுவர்ணபூமிக்கு பி.கே.கே. என்றும், டான் முவாங்குக்கு டி.எம்.கே. என்றும் குறியீடு இருக்கும். இரண்டாவதைப் பார்த்துச் சிரிக்காத தமிழர் இருக்க முடியாது. சிரித்துவிட்டு அப்படியே கவனமாகப் படியுங்கள். இரண்டுக்கும் நடுவே ஊரின் பாதி கிடக்கிறது.

படி 2: நீங்கள் தங்கும் இடத்திலிருந்து கணக்குப் போடுங்கள்

நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் சுகும்வித் நானா, பிரதுநாம், சீலோம் இந்த மூன்றில் ஒன்றில்தான் தங்குகிறார்கள்.

சீலோமில், மாரியம்மன் கோயில் பக்கம் தங்கினால், நீல மெட்ரோ உங்களை ஒரே வண்டியில் பாங் சூவுக்குக் கொண்டுபோய் விடும். அசோக் சந்திப்பிலிருந்தும் அதே மெட்ரோதான், அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அசோக்கிலிருந்து எக்கமாய்க்கு ஸ்கைட்ரெயினில் மூன்றே நிறுத்தம். அதனால் நெரிசல் நேரத்தில்கூட நெடுந்தூர ரயிலும், பட்டாயா பஸ்ஸும் உங்கள் கைக்குள் இருக்கின்றன.

அதே இடத்திலிருந்து மாலை நேரத்தில் சாய் தாய் மாய்க்கு டாக்சி என்றால் ஒரு மணி நேரத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மழை பெய்தால் ஒன்றரை. தெற்கே போகும் பஸ் டிக்கெட் ரயிலை விட நூறு இருநூறு பாட் மலிவு என்று எடுப்பவர்கள் அந்தப் பணத்தை டாக்சிக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள்.

சுவர்ணபூமிக்கு பாயா தாய், மக்கசான் நிலையங்களிலிருந்து விமான நிலைய ரயில் இருக்கிறது. பிரதுநாமில் தங்குபவர்களுக்கு இது வசதி. டான் முவாங்குக்கு குருங் தேப் அபிவாட்டிலிருந்து சிவப்புப் பாதை ரயில் போகிறது. பலர் இதைத் தெரியாமல் விரைவுச்சாலைக் கட்டணத்தோடு டாக்சி எடுக்கிறார்கள். ஒரு பெட்டியோடு போகிறவர் மெட்ரோவில் பாங் சூ வந்து, அங்கேயே சிவப்புப் பாதைக்கு மாறினால் நேரம் கணக்காகத் தெரியும். நான்கு பேர், ஆறு பெட்டி என்றால் டாக்சியே சரி.

படி 3: தூரத்தை வைத்து ஒரு தடவை சலியுங்கள்

அயுத்தயா, பட்டாயா, காஞ்சனபுரி, ஹுவா ஹின் போன்ற இடங்களுக்கு விமானத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ரயில், பஸ், வேன் இவற்றுக்குள்தான் போட்டி.

அயுத்தயா 71 கிலோமீட்டர். ஹுவா லம்போங்கில் மூன்றாம் வகுப்பு டிக்கெட் 20 பாட் அளவில்தான் வரும், ஒரு காபிகூட அந்த விலைக்குக் கிடைக்காது. ஜன்னல் திறந்திருக்கும், மின்விசிறி சுற்றும், வறுத்த கோழியும் பழமும் விற்கிறவர்கள் ஏறி இறங்குவார்கள். ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். ஏசி வேன் இதைவிடச் சீக்கிரம் போகும், ஆனாலும் நான் ரயிலையே சொல்வேன்.

பட்டாயாவுக்கு எக்கமாயிலிருந்து அடிக்கடி பஸ் இருக்கிறது. இரண்டு, இரண்டரை மணி நேரம். முன்பதிவு எதுவும் வேண்டாம். சுவர்ணபூமியில் இறங்கி நேராகப் பட்டாயா போகிறவர்கள் பாங்காக்குக்குள் நுழையவே தேவையில்லை, விமான நிலையத்தின் கீழ்த்தளத்திலிருந்தே பஸ் கிளம்புகிறது. ஹோட்டல் கார் பேசுவதற்கு முன் அந்தக் கவுன்ட்டரை ஒரு எட்டு பார்த்துவிடுங்கள்.

காஞ்சனபுரியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். சாய் தாய் மாயிலிருந்து பஸ்ஸில் இரண்டு இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். தோன்புரியிலிருந்து போகும் ரயிலுக்கு மூன்று மணி நேரம் ஆகும், ஒரு நாளைக்கு இரண்டே வண்டி, காலையில் ஒன்று, மதியம் ஒன்று. வெளிநாட்டவருக்கு 100 பாட் என்று தனிக் கட்டணம். வசதி என்று பார்த்தால் பஸ் ஜெயிக்கும். ஆனால் அந்த ரயில் போவது சயாம் மரண ரயில்பாதையில். 1942-43-ல் ஜப்பானியர் 415 கிலோமீட்டருக்குப் போட்ட அந்தப் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரம் ஆயிரமாகச் செத்தார்கள். காஞ்சனபுரி ஊருக்குள் நேச நாட்டுப் போர்க் கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக, பெயர் பொறித்து, புல் வெட்டிப் பராமரிக்கப்படுகின்றன. நம் ஆட்களின் பெயர் அந்த வரிசைகளில் இல்லை. குவாய் பாலத்தைத் தாண்டி, தாம் கிராசே குகை அருகே பாறையை ஒட்டிய மரப்பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும்போது பெட்டியில் எல்லோரும் செல்போனைத் தூக்குவார்கள். அந்தப் பாலத்துக்காக ரயிலிலேயே போங்கள், திரும்பும்போது பஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹுவா ஹின்னுக்கு ரயில் நான்கு மணி நேரம் வரை, வேன் மூன்று. தெற்குப் பாதையை இரட்டிப்பாக்கிய பிறகு ரயில் முன்பு போல் வழியில் காத்துக் கிடப்பதில்லை. பெரிய பெட்டி இருந்தால் ரயில், தோள்பை மட்டும் என்றால் எது முதலில் கிளம்புகிறதோ அது.

அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் போகும்போதுதான் உண்மையான யோசனை தேவைப்படுகிறது.

படி 4: இரவு ரயிலை எப்போது எடுப்பது

சியாங் மாய் ரயில் பாதையில் 751 கிலோமீட்டர். இரவு ரயிலுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் பிடிக்கும். விமானம் ஒன்றேகால் மணி நேரம். பார்த்தால் போட்டியே இல்லை போலத் தெரியும். ஆனால் ஹோட்டலிலிருந்து ஹோட்டல் வரை எண்ணிப் பாருங்கள். விமான நிலையம் போக ஒரு மணி, அங்கே காத்திருக்க ஒன்றரை, பறக்க ஒன்றேகால், பெட்டி எடுத்து வெளியே வர முக்கால். பகலில் நாலரை, ஐந்து மணி நேரம் போய்விடுகிறது. ரயிலில் போவது நீங்கள் எப்படியும் தூங்கப்போகிற இரவு. ஒரு ராத்திரி அறை வாடகையும் மிச்சம்.

இரண்டாம் வகுப்பு ஏசி ஸ்லீப்பரில் டிக்கெட் சுமார் ஆயிரம் பாட். நம் ரயிலில் பழகியவர்களுக்கு ஒரே வரியில் விளக்கிவிடலாம்: எல்லா பெர்த்தும் சைடு லோயர், சைடு அப்பர். நடுவே நடைபாதை, இருபுறமும் அதற்கு இணையாகப் படுக்கை. ஆனால் நம் சைடு பெர்த்தை விட அகலம், கால் நீட்டலாம், ஒவ்வொன்றுக்கும் திரை உண்டு. கீழ் பெர்த் அகலமானது, ஜன்னலும் அதற்குத்தான், அதனால் விலையும் கொஞ்சம் கூட. மேல் பெர்த் குறுகல், விளக்கு முகத்துக்கு நேரே இருக்கும். வயதானவர்களோடு போனால் கீழ் பெர்த்துகளை மட்டும் தேடி எடுங்கள், மேலே ஏறும் ஏணி செங்குத்து. பணியாளர் வந்து, ஏற்கெனவே துவைத்துச் சுற்றி வைத்த விரிப்பைப் போட்டுத் தருவார். ஏசி தயவு தாட்சண்யம் இல்லாமல் குளிரும். ஸ்வெட்டர் இல்லாமல் ஏறாதீர்கள்.

தனியாகப் போகும் பெண்களுக்கும் குழந்தைகளோடு போகும் தாய்மாருக்கும் சில இரவு ரயில்களில் தனிப் பெட்டி உண்டு. பதிவு செய்யும்போதே கேளுங்கள். ரயிலில் மது கூடாது என்ற தடை 2014 முதல் இருக்கிறது. அதனால் இரவு அமைதியாகவே கழியும்.

சியாங் மாய்க்கு மாலையிலிருந்து இரவு வரை ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் இருக்கின்றன. மாலை ஆறரைக்கு மேல் கிளம்பும் 9-ஆம் எண் வண்டியில் புதிய பெட்டிகள், சுத்தமான கழிப்பறை, சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் உண்டு. எல்லா இணையதளங்களும் அதைத்தான் பரிந்துரைக்கும். அதற்கு ஒரு குறை உண்டு. கடைசியில் வரும் மலைப்பகுதியை அது விடியும் முன்பே கடந்துவிடும். லம்பாங் தாண்டி, 1,352 மீட்டர் நீளமுள்ள குன் தான் சுரங்கத்துக்குள் நுழைந்து காட்டுக்கு நடுவே வெளியே வருவதைப் பார்க்க வேண்டும் என்றால், இரவில் தாமதமாகக் கிளம்பும் பழைய வண்டியை எடுங்கள். பெட்டி பழசு, மதியத்தை ஒட்டித்தான் போய்ச் சேரும். ஆனால் காலை முழுக்க ஜன்னல் உங்களுடையது. எனக்கு இந்த இரண்டாவது வண்டிதான் பிடிக்கும்.

குருங் தேப் அபிவாட்டுக்கு முக்கால் மணி முன்னதாகவே போய்விடுங்கள். கட்டடம் அவ்வளவு பெரிது, நடந்தே களைத்துவிடும். நம் ஊர் மாதிரி நடைமேடையில் போய்ப் பெட்டி மேல் உட்கார முடியாது. கீழே கூடத்தில் காத்திருந்து, உங்கள் வண்டிக்கான வாயிலைத் திறந்த பிறகுதான் மேலே விடுவார்கள். மாலை ஆறு மணிக்குத் தேசிய கீதம் ஒலிக்கும். எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நீங்களும் நின்றுவிடுங்கள்.

ரயில் தாமதமாகும், அதையும் மறைக்கக் கூடாது. வட பாதையின் பெரும்பகுதி இன்னும் ஒற்றைத் தடம். ஒரு மணி நேரத் தாமதத்தை யாரும் தாமதமாகவே எண்ணுவதில்லை. ஊருக்குத் திரும்பும் நாளில் காலை ரயிலில் பாங்காக் வந்து முற்பகல் விமானம் பிடிக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். ராத்திரி விமானம் என்றால் சரி.

படி 5: பஸ் என்றால் எந்த பஸ்

தாய்லாந்தில் ரயில் போகாத இடங்கள் நிறைய. புக்கெட், கிராபி, சியாங் ராய், திராட் இவற்றுக்குத் தண்டவாளமே இல்லை. இங்கேதான் பஸ் கைகொடுக்கிறது.

அரசுப் போக்குவரத்து நிறுவனத்தை மக்கள் ‘போ கோ சோ’ என்பார்கள். அதன் வண்டிகளும், அதனிடம் உரிமம் வாங்கி ஓட்டும் தனியார் வண்டிகளும் மூன்று நிலையங்களிலிருந்தும் கிளம்புகின்றன. டிக்கெட்டில் இருக்கை எண்ணிக்கையைக் கேட்பதுதான் தரத்தைத் தெரிந்துகொள்ளச் சுலபமான வழி. 24 இருக்கை என்றால் உயர்ந்த வி.ஐ.பி., ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று, நன்றாகச் சாயும். 32 என்றால் நடுத்தரம். நாற்பதைத் தாண்டினால் பகலில் மட்டும் எடுங்கள். சியாங் மாய்க்கு வி.ஐ.பி. கட்டணம் ரயில் பெர்த்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. பத்து மணி நேரத்தில் போய்விடும். ஆனால் உட்கார்ந்த தூக்கம் உட்கார்ந்த தூக்கம்தான். அதோடு பல பஸ்கள் விடிகாலை நாலரைக்கே கொண்டுபோய் இறக்கிவிடும். அறை கிடைக்க மதியம் ஆகும். ஏழு மணிக்கு மேல் போய்ச் சேரும் வண்டியாகப் பார்த்து எடுப்பது இதற்குத்தான்.

இன்னொரு விஷயம். சில பெரிய தனியார் நிறுவனங்களுக்கு மோ சிட் நிலையத்துக்கு வெளியே, பக்கத்திலேயே சொந்த நிலையம் இருக்கிறது. நகோன்சாய் ஏர் அப்படித்தான். டாக்சிக்காரரிடம் வெறுமனே மோ சிட் என்று சொல்லாமல் நிறுவனத்தின் பெயரையும் சொல்லுங்கள்.

நள்ளிரவில் வண்டி ஒரு சாப்பாட்டுக் கடையில் நிற்கும். டிக்கெட்டோடு ஒரு கூப்பன் இருக்கும், அதைக் கொடுத்தால் கஞ்சியோ சோறோ கிடைக்கும். சைவக்காரர்களுக்கு அங்கே பெரும்பாலும் வெறுஞ்சோறுதான். காய்கறிக் குழம்பு போலத் தெரிவதிலும் மீன் சாறு விழுந்திருக்கும். கிளம்பும் முன் ‘ஜே’ என்ற சிவப்பு எழுத்துள்ள மஞ்சள் கொடியைத் தேடுங்கள். அது சீன வழி வந்த சுத்த சைவம், வெங்காயம் பூண்டுகூட இருக்காது. நம் வீட்டுப் பாட்டிகள் தைரியமாகச் சாப்பிடலாம். இல்லையென்றால் வழக்கமான தீர்வு இருக்கவே இருக்கிறது: ரொட்டி, வாழைப்பழம், ஊரிலிருந்து கொண்டுவந்த ஊறுகாய்ப் பொட்டலம்.

முதுகுப்பைப் பயணிகள் கூடும் காவ் சான் சாலையில் சுற்றுலா பஸ் என்று மலிவாக விற்பார்கள். தெற்கே தீவுகளுக்கு இரவுப் பயணம், படகும் சேர்த்து ஒரே டிக்கெட். ஓடும் பஸ்ஸின் அடியில் வைத்த பெட்டிகளைத் திறந்து பணம் எடுத்துவிடுகிறார்கள் என்ற புகார் இந்த வகை வண்டிகளைப் பற்றிப் பல வருடங்களாக இருக்கிறது. எனக்கும் ஒரு தடவை மேல்பையின் ஜிப் திறந்திருந்தது. உள்ளே அழுக்குத் துணி மட்டும் இருந்ததால் தப்பித்தேன். எந்த பஸ்ஸாக இருந்தாலும் பணம், பாஸ்போர்ட், லேப்டாப் மடியில்தான்.

வேன்: குறுகிய தூரத்துக்கு மட்டும்

முன்பு வெற்றிச் சின்னச் சதுக்கத்திலிருந்து எல்லா ஊருக்கும் வேன் கிடைத்தது. 2016-ல் அவற்றை மூன்று பஸ் நிலையங்களுக்கும் மாற்றிவிட்டார்கள். வேகமாகப் போகும், நிரம்பியதும் கிளம்பும், பெட்டி வைக்க இடம் இருக்காது. பெரிய சூட்கேஸுக்கு இன்னொரு இருக்கைக்குக் காசு கேட்பார்கள், அது ஏமாற்று இல்லை, உண்மையிலேயே இடம் இல்லை. 2017 ஜனவரி 2 அன்று சோன்புரி மாகாணத்தில் ஒரு வேனும் பிக்கப் வண்டியும் மோதி 25 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இருக்கைகளைக் குறைத்தார்கள், விதிகளும் கடுமையாயின. மூன்று மணி நேரத்துக்குள் போகும் பகல் பயணத்துக்கு வேன் எடுக்கலாம். ஏறியதும் பெல்ட்டைப் போடுங்கள். இரவில் நெடுந்தூரம் வேனில் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

படி 6: விமானம் எங்கே ஜெயிக்கிறது

இறங்கும் இடம்தான் இதைத் தீர்மானிக்கிறது. சியாங் மாய் விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, பழைய நகரத்துக்குக் கால் மணி நேரம். புக்கெட் விமான நிலையம் தீவின் வடக்கு முனையில், படோங் கடற்கரைக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆனாலும் புக்கெட்டுக்கு பஸ்ஸில் பன்னிரண்டு மணி நேரம் என்பதால் விமானமே சரி. இதில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது.

மலிவு நிறுவனங்களான தாய் ஏர் ஏசியா, நோக் ஏர், தாய் லயன் ஏர் எல்லாம் டான் முவாங்கில். தாய் ஏர்வேஸ், பாங்காக் ஏர்வேஸ் சுவர்ணபூமியில். வெளிநாட்டிலிருந்து சுவர்ணபூமியில் இறங்கி, டான் முவாங்கிலிருந்து உள்நாட்டு விமானம் எடுப்பதாக இருந்தால், நடுவில் குறைந்தது ஐந்து மணி நேரம் விடுங்கள். இரண்டு நிலையங்களுக்கும் இடையே பயணிகளுக்கு இலவசப் பேருந்து ஓடுகிறது, டிக்கெட்டைக் காட்ட வேண்டும். முதலில் கண்ணில் படும் விலையில் பெட்டிக் கட்டணம் இருக்காது. இருபது கிலோ சேர்த்த பிறகு ரயிலோடு ஒப்பிடுங்கள்.

படி 7: தீவுகள், அதாவது இரண்டு வண்டிப் பயணங்கள்

‘கோ’ என்றால் தீவு. கோ சமுய், கோ பங்கான், கோ தாவ் மூன்றும் கிழக்குக் கடலில் வரிசையாக இருக்கின்றன. சமுய்க்கு நேரடி விமானம் உண்டு. அந்த விமான நிலையம் பாங்காக் ஏர்வேஸுக்குச் சொந்தம் என்பதால் டிக்கெட் எப்போதும் விலை கூடத்தான். மாற்று வழி சூரத் தானி. அங்கே விமானத்திலோ இரவு ரயிலிலோ போய், பஸ் பிடித்து டோன்சக் துறைக்கு வந்து, படகு ஏற வேண்டும். விமானம் வழியாக ஆறு, ஏழு மணி நேரம், ரயில் வழியாக ஒரு இரவும் அரைப் பகலும். சூரத் தானி ரயில் நிலையம் ஊரில் இல்லை, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி புன்பின்னில் இருக்கிறது. அதனால் ரயில், பஸ், படகு மூன்றும் சேர்ந்த டிக்கெட்டாக எடுப்பதே நல்லது. ரயில் தாமதமானால் அடுத்த பஸ் யார் பொறுப்பு என்ற சண்டை மிச்சம்.

கோ தாவுக்கு மட்டும் போகிறவர்கள் சூரத் தானி வரை போக வேண்டாம். சும்போனில் இறங்கி, அங்கிருந்து கட்டமரான் எடுங்கள். ‘கட்டுமரம்’ உலகம் சுற்றிக் கட்டமரானாகி இங்கே நமக்கே டிக்கெட் விற்கிறது.

பருவத்தையும் பாருங்கள். புக்கெட், கிராபி பக்கம் மே முதல் அக்டோபர் வரை மழை. சமுய் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. சென்னையை நனைக்கும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அது. தீபாவளி விடுமுறையில் சமுய் போய் அறைக்குள் உட்கார்ந்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். கடல் கொந்தளித்தால் படகு நிற்கும், அதோடு உங்கள் மொத்த டிக்கெட்டும் நிற்கும்.

படி 8: எப்போது, எங்கே டிக்கெட் எடுப்பது

ரயில் டிக்கெட்டை ரயில்வேயின் ‘டி-டிக்கெட்’ தளத்தில் எடுக்கலாம், அல்லது எந்த ரயில் நிலையக் கவுன்ட்டரிலும். ட்வெல்வ்கோ போன்ற தளங்கள் ரயில், பஸ், படகு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும், அதற்குக் கட்டணம் சேர்த்துக்கொள்ளும். வழியைத் தெரிந்துகொள்ள அதைப் பாருங்கள். கூட்டு டிக்கெட்டுக்கு அதையே பயன்படுத்துங்கள். தனி ரயில் பெர்த்துக்கு நேராக ரயில்வேயிடம் போங்கள்.

கீழ் பெர்த்துகள் வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்கிரான், தாய்லாந்தின் பாரம்பரியப் புத்தாண்டு. அதற்கு இரண்டு நாள் முன்னால் பாங்காக்கே காலியாகி ஊருக்குப் போகிறது, பொங்கலுக்கு முந்தின இரவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்திலும் ஆங்கிலப் புத்தாண்டு வாரத்திலும் பயணத்தை முடிந்தவரை எதிர்த்திசையில் வையுங்கள். மற்ற நாட்களில் பஸ்ஸுக்கு முதல் நாள் எடுத்தால் போதும். சாதாரண ரயிலுக்கு அரை மணி முன்னால் போனால் போதும். உள்நாட்டுப் பயணம்தானே என்று பாஸ்போர்ட்டை ஹோட்டலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். விமானத்துக்குக் கட்டாயம், வடக்குச் சாலைகளில் பஸ்ஸை நிறுத்திச் சோதிப்பதும் உண்டு.

எல்லை தாண்டிப் போகிறவர்களுக்கு

கம்போடியாவுக்கு அரன்யபிரதேத் வழியாகப் போகும் மலிவு ரயில் பழைய வழிகாட்டிகளில் எல்லாம் இருக்கும். 2025-ல் இரு நாடுகளும் மோதிக்கொண்ட பிறகு அந்தத் தரை எல்லையை மூடினார்கள். நிலவரத்தைப் பார்க்காமல் அந்தப் பக்கம் கிளம்ப வேண்டாம். லாவோஸுக்கு 2024 ஜூலை முதல் பாங்காக்கிலிருந்து வியன்டியான் வரை இரவு ரயில் ஓடுகிறது. அங்கிருந்து சீன எல்லை வரை புதிய ரயில் இருக்கிறது.

மலேசியாவுக்குத்தான் நம் ஆட்கள் அதிகம் கேட்கிறார்கள், பினாங்கில் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள் அல்லவா. மாலை நாலு மணியைத் தாண்டிக் கிளம்பும் 45-ஆம் எண் ரயில் மறுநாள் காலை எட்டு மணி வாக்கில் பாடாங் பெசாரில் கொண்டுபோய் விடும். பெரும்பாலான பெட்டிகளை ஹாட்யாயிலேயே கழற்றிவிடுவார்கள், சில பெட்டிகள் மட்டுமே எல்லை வரை போகும், அதனால் சீக்கிரம் பதிவு செய்யுங்கள். ராத்திரிச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். பாடாங் பெசாரில் இரண்டு நாட்டுக் குடிநுழைவும் ஒரே நிலையக் கட்டடத்துக்குள். தாய்லாந்து முத்திரை, பத்து அடி நடந்தால் மலேசிய முத்திரை. மாடியில் உணவுக்கடை, மலேசிய ரயிலுக்கு அங்கேயே டிக்கெட் கவுன்ட்டர், பட்டர்வொர்த் போய் பினாங்குப் படகைப் பிடிக்கலாம். முத்திரை குத்திய கையோடு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள். மலேசிய நேரம் அவ்வளவு முந்தியது. நான் தள்ளி வைக்காமல் மாடியில் நிதானமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கீழே பட்டர்வொர்த் வண்டி கதவை மூடிக்கொண்டு கிளம்பியது.